தண்ணீர் பில் கட்டக் கஷ்டமாக இருந்தால்: இங்கிலாந்தில் நோயாளிகளும் வருமானம் குறைந்தவர்களும் கேட்டு வாங்க வேண்டிய உதவிகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பில் கட்டவில்லை என்பதற்காக ஒரு வீட்டின் தண்ணீரை வெட்ட முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. குழாயில் சொட்டுச் சொட்டாக வரும்படி அளவைக் குறைத்து வைக்கவும் முடியாது. இதைத் தெரியாத பலர், வயதானவர்கள் முக்கியமாக, வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் சாப்பாட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டு தண்ணீர் பில்லைக் கட்டுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. அதற்காகக் கட்டாமல் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கடன் சேரும், கோர்ட்டுக்குப் போகலாம், தீர்ப்பு வந்தால் அது கிரெடிட் பதிவில் 6 வருடம் நிற்கும். ஆனால் கடிதத்தைப் பார்த்துப் பதறாமல் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது.

நான் லண்டனில் ஹரோவில் இருக்கிறேன். அம்மாவும் எங்களோடுதான். குடல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு வயிற்றில் மலம் சேரும் ஸ்டோமா பை வைத்தார்கள். அந்தப் பை கசிந்தால் நடுச்சாமம் என்றாலும் குளிக்க வேண்டும், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் தோய்க்க வேண்டும். மீற்றர் ஓடுகிறதே என்று அம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கினார். அதைக் கண்ட பிறகுதான் இந்த உதவித் திட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். இப்போது தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது யாராவது ஒரு பில்லைக் கையில் தந்து “இதை ஒருக்கா பாருங்கோ தங்கச்சி” என்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயாளி இருக்கிற வீட்டில் தண்ணீரைக் குறைத்துப் பாவிக்கச் சொல்வது சரியான ஆலோசனை இல்லை. உடம்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவையும் பாவியுங்கள். பில்லைக் குறைப்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கேட்டால்தான் கிடைக்கும்.

2025 ஏப்ரலில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் சராசரி வீட்டுத் தண்ணீர் பில் வருடத்துக்கு 480 பவுணிலிருந்து 603 பவுணுக்கு ஏறியது. 123 பவுண் ஒரே தடவையில். அதுவரை சமாளித்த வீடுகளும் அப்போதுதான் தடுமாறின. “நாங்கள் அவ்வளவு ஏழை இல்லையே” என்று தயங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமை மாறாமலே பில் மாறியிருக்கிறது.

முதலில் பில்லை எடுத்து மேசையில் வையுங்கள்

மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எந்த நிறுவனம். மின்சாரம், காஸ் போலத் தண்ணீருக்கு நிறுவனத்தை மாற்ற முடியாது. இருக்கிற இடம்தான் நிறுவனத்தைத் தீர்மானிக்கும். ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் இருப்பவர்களுக்குத் தேம்ஸ் வாட்டர். ஹரோவில் குழாய்த் தண்ணீர் அஃபினிட்டி வாட்டர், கழிவுநீர் தேம்ஸ் வாட்டர். சட்டனில் தண்ணீர் எஸ்இஎஸ் வாட்டர், கழிவுநீர் தேம்ஸ். இப்படி இரண்டு நிறுவனங்கள் இருக்கிற இடத்தில், உங்களுக்கு ஒரு பில் வருகிறதா இரண்டு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வந்தால் இரண்டு இடத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு இடத்தில் கிடைத்த கட்டணக் கழிவு மற்றதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துப் பலர் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு, மீற்றர் இருக்கிறதா இல்லையா. பில்லில் கியூபிக் மீற்றர் கணக்கு இருந்தால் மீற்றர் இருக்கிறது. ‘ரேட்டபிள் வேல்யூ’ என்று இருந்தால் இல்லை. அது வீட்டின் பழைய வாடகை மதிப்பை வைத்துப் போடும் கணக்கு. எத்தனை பேர் இருக்கிறீர்கள், எவ்வளவு பாவிக்கிறீர்கள் என்பது அதில் வராது.

மூன்று, மீற்றரை உண்மையில் வாசித்தார்களா, இல்லை உத்தேசமாகப் போட்டார்களா. உத்தேசம் என்றால் பக்கத்தில் ‘எஸ்டிமேட்டட்’ என்றோ ஆங்கில ‘ஈ’ எழுத்தோ போட்டிருக்கும். அப்படியென்றால் நீங்களே மீற்றரைப் பார்த்துக் கறுப்பு இலக்கங்களை அனுப்புங்கள். சிவப்பு இலக்கங்கள் லிட்டர் கணக்கு, அவை தேவையில்லை. ஒரு கியூபிக் மீற்றர் என்பது 1,000 லிட்டர். மீற்றர் ரோட்டோரத்து மூடிக்குக் கீழே இருந்து உங்களால் குனிய முடியாவிட்டால், வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பில் திடீரென்று இரண்டு மடங்கானால் உதவித் திட்டத்துக்குப் போக முதல் ஒழுக்கைத் தேடுங்கள். எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு, யாரும் டொய்லெட் பாவிக்காமல், மீற்றரைப் பார்த்து எழுதி வையுங்கள். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் டொய்லெட் தொட்டிதான். கண்ணுக்குத் தெரியாமல் பின் சுவரில் வழிந்துகொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு 200 முதல் 400 லிட்டர் வரை போய்விடும். காய்ந்த டிஷ்யூத் தாளைப் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நிலத்துக்குக் கீழே குழாய் ஒழுகியிருந்தால், திருத்திய பிறகு வீணான தண்ணீரின் காசைக் கழித்துத் தரும்படி ‘லீக் அலவன்ஸ்’ கேளுங்கள்.

வாட்டர்ஷுவர்: நோய்க்கும் பெரிய குடும்பத்துக்குமான உச்சவரம்பு

இது சட்டப்படி இங்கிலாந்தின் எல்லாத் தண்ணீர் நிறுவனங்களும் தர வேண்டிய திட்டம். வேல்ஸில் இதற்கு வாட்டர்ஷுவர் வேல்ஸ் என்று பெயர். உங்கள் பில் எவ்வளவு ஏறினாலும், அந்த நிறுவனத்தின் பகுதியில் மீற்றர் வைத்த வீட்டின் சராசரி பில்லுக்கு மேல் கேட்க மாட்டார்கள். அதற்குக் கீழே பாவித்தால் பாவித்த அளவுக்கு மட்டும் கட்டினால் போதும்.

மூன்று நிபந்தனைகள். மீற்றர் இருக்க வேண்டும். அல்லது கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது உங்கள் வீட்டுக்குப் பூட்ட முடியாது என்று நிறுவனமே சொல்லியிருக்க வேண்டும். அடுத்தது, வீட்டில் ஒருவராவது வருமானத்தைப் பார்த்து அரசு தரும் பெனிபிட் ஒன்றைப் பெற வேண்டும். யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட் போன்றவை. மூன்றாவதாக, இரண்டில் ஒரு காரணம் இருக்க வேண்டும். 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட, முழுநேரம் படிக்கிற மூன்று பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் வீட்டில் இருந்து, அவர்களுக்குச் சைல்ட் பெனிபிட் எடுப்பது ஒன்று. தண்ணீர் அதிகம் தேவைப்படும் நோய் மற்றது.

எந்த நோய்கள்? தோல் உரிகிற நோய், நீர் வடிகிற எக்ஸிமா, சொரியாசிஸ், காலில் இரத்தநாளம் புடைத்து வரும் ஆறாத புண், சிறுநீரோ மலமோ அடக்க முடியாத நிலை, வயிற்றில் ஸ்டோமா, குரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆகிய குடல் நோய்கள், வீட்டில் டயாலிசிஸ் செய்ய வேண்டிய சிறுநீரகச் செயலிழப்பு. இவை சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கின்றன. பட்டியலில் இல்லாத வேறு நோயாக இருந்தாலும், அதனால் கூடுதல் தண்ணீர் தேவை என்று டாக்டர் எழுதித் தந்தால் ஏற்பார்கள். படுக்கையிலேயே இருக்கும் ஒருவரை நாளுக்கு இரண்டு தரம் கழுவ வேண்டியிருந்தால், அடிக்கடி வலிப்பு வந்து உடுப்பு நனைகிற பிள்ளை இருந்தால், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. மெஷினுக்குப் போகும் தண்ணீரின் செலவை ஆஸ்பத்திரியே தருவதும் உண்டு. சிறுநீரகப் பிரிவு நேர்ஸிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

அடக்க முடியாத நிலையைப் பற்றி எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. பெற்ற பிள்ளைகளுக்கே சொல்லாத அப்பாமார் இருக்கிறார்கள். தண்ணீர் கம்பனிக்கு எப்படிச் சொல்வது என்று கூசுவது எனக்கு விளங்குகிறது. படிவத்தில் ஒரு பெட்டியில் சரி போடுவதுதான் வேலை. யாரும் போனில் விவரம் கேட்டுக் குடைய மாட்டார்கள். அம்மாவுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. படிவத்தைக் கண்ட பிறகு போய்விட்டது.

பெனிபிட்டுக்குச் சாட்சி, நோய்க்குச் சாட்சி இரண்டும் கேட்பார்கள். யூனிவர்சல் கிரெடிட் என்றால் கணக்கில் உள்ள கடைசி மாத ஸ்டேட்மென்டைப் படம் பிடித்து அனுப்பலாம். பென்ஷன் கிரெடிட்டுக்கு அந்த வருடத்துக் கடிதம். நோய்க்கு, ஜீபீயிடம் கடிதத்துக்கு ஓடுவதற்கு முதல் நிறுவனத்திடம் எது போதும் என்று கேளுங்கள். ஜீபீக்கள் இப்படியான கடிதத்துக்குக் காசு வாங்கலாம். மருந்துச் சீட்டின் பிரதியோ ஆஸ்பத்திரிக் கடிதமோ போதுமாக இருக்கும் இடத்தில் அந்தக் காசு வீண்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தானாகச் சுற்றித் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரிங்க்ளர் பாவித்தால் வாட்டர்ஷுவர் கிடைக்காது. கத்தரிக்கும் பாகலுக்கும் கையில் ஹோஸ் பிடித்து விடுவதற்குத் தடை இல்லை.

பிஐபி இருக்கிறது, பிறகேன் இல்லை என்கிறார்கள்?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். “பிஐபி கிடைக்குது, கூடின றேட் வேற. ஆனா அவை வாட்டர்ஷுவர் தர ஏலாது எண்டுட்டினம்” என்று ஒரு அண்ணை கடிதத்தோடு வந்தார். பிஐபி, டிஎல்ஏ, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மூன்றும் உடல்நிலைக்காகத் தருபவை. வருமானம் பார்ப்பதில்லை. அதனால் அவை மட்டும் இருந்தால் வாட்டர்ஷுவருக்குப் போதாது. பக்கத்தில் யூனிவர்சல் கிரெடிட்டோ பென்ஷன் கிரெடிட்டோ வேண்டும். அந்த அண்ணையின் வீட்டில் அவருடைய மனைவி பெயரில் யூனிவர்சல் கிரெடிட் வந்துகொண்டிருந்தது. படிவத்தில் அதைக் குறிப்பிடவில்லை, அவ்வளவுதான். வீட்டில் யார் பெயரில் வந்தாலும் கணக்கில் எடுப்பார்கள்.

மற்றப் பக்கமாகவும் யோசியுங்கள். பிஐபியோ அட்டெண்டன்ஸ் அலவன்ஸோ கிடைப்பவர்களுக்குப் பென்ஷன் கிரெடிட் கணக்கில் கூடுதல் தொகை சேரக்கூடும். முன்பு “வருமானம் கூட” என்று பென்ஷன் கிரெடிட் மறுக்கப்பட்டவர்கள், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்த பிறகு திரும்ப விண்ணப்பித்தால் தகுதி பெறலாம். வாரத்துக்கு ஒரு பவுண் பென்ஷன் கிரெடிட் கிடைத்தாலும் அது வாட்டர்ஷுவருக்கும் வேறு பல உதவிகளுக்கும் கதவைத் திறந்துவிடும். வயதான அம்மா, அப்பா இருக்கிற வீடுகள் தண்ணீர் பில்லுக்கு முன்பே இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

நோய் இல்லை, வருமானம்தான் குறைவு என்றால்

அதற்குத்தான் ‘சோஷல் டாரிஃப்’ என்கிற குறைந்த கட்டணத் திட்டங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு இடம் கொடுத்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில், தன் நிபந்தனையோடு நடத்துகிறது. தேம்ஸ் வாட்டரிடம் ‘வாட்டர்ஹெல்ப்’, பில்லில் 50 வீதம் கழிவு. எஸ்இஎஸ் வாட்டரிடம் ‘வாட்டர் சப்போர்ட்’. பர்மிங்ஹாம், லெஸ்டர் பக்கம் செவர்ன் ட்ரென்ட் நிறுவனத்தின் ‘பிக் டிஃபரன்ஸ் ஸ்கீம்’. வேல்ஸில் ‘ஹெல்ப்யூ’. ஹரோவில் உள்ள நாங்கள் அஃபினிட்டி வாட்டரிடம் சோஷல் டாரிஃப் என்றே கேட்கலாம்.

இவற்றில் பெரும்பாலும் வீட்டின் மொத்த வருமானத்தைப் பார்ப்பார்கள். அந்த வரம்பு இடத்துக்கு இடம் வேறு, வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே தெரிந்தவர் சொன்ன தொகையை நம்பிக் கைவிடாதீர்கள். கேட்கும்போது “பிஐபி, டிஎல்ஏ, அட்டெண்டன்ஸ் அலவன்ஸை வருமானமாக எடுப்பீர்களா?” என்று கட்டாயம் கேளுங்கள். எடுக்காத நிறுவனங்கள் இருக்கின்றன. அதைத் தெரியாமல் எல்லாவற்றையும் கூட்டி எழுதி, வரம்பு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட படிவங்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்கிறவர்களும் கேட்கலாம். கடையில், கெயார் ஹோமில், பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிற குறைந்த சம்பளக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இது. பெனிபிட் எடுக்காதவர்களுக்கும் பல இடங்களில் கிடைக்கும். விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசின் பொதுநிதி உதவி பெற முடியாது) என்று போட்டிருக்கிறவர்கள் இதைக் கேட்கவே பயப்படுகிறார்கள். தண்ணீர் நிறுவனம் தருகிற கட்டணக் கழிவு குடிவரவுச் சட்டத்தின் பொதுநிதிப் பட்டியலில் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் அதில் இருக்கிறது, ஆகவே வாட்டர்ஷுவர் வழி உங்களுக்குக் கடினம். வருமானத்தைப் பார்த்துத் தரும் சோஷல் டாரிஃப் வழி திறந்திருக்கிறது. மனதுக்கு உறுதி வேண்டுமென்றால் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இரண்டு திட்டத்துக்கும் தகுதி இருந்தால்? பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றுதான். எது லாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் பகுதியின் சராசரி 600 பவுண் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில் 900. வாட்டர்ஷுவரில் 600 கட்டுவீர்கள். 50 வீதக் கழிவில் 450தான். ஆகவே கழிவு நல்லது. அதே வீட்டில் நோய் கூடி, வாஷிங் மெஷின் நாள் முழுக்க ஓடி, பில் 1,500 ஆனால் பாதி 750. வாட்டர்ஷுவரில் அப்போதும் 600. இந்த இடத்தில் உச்சவரம்புதான் காப்பாற்றும். சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டுகிறீர்களா என்று பார்த்தால் போதும். தெரியாவிட்டால் போனில் இருப்பவரிடமே “எனக்கு எது குறைவாக வரும், கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

மீற்றர் இல்லாத வீடு

இதில் அவசரப்பட வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீற்றர் இலவசமாகப் பூட்டித் தருவார்கள். சிறிய குடும்பம், பெரிய வீடு என்றால் பெரும்பாலும் லாபம். படுக்கையறைகளை விட ஆட்கள் குறைவாக இருந்தால் யோசிக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் ஆறு பேர் இருக்கிற வீட்டில், அதிலும் நோயாளி இருக்கிற வீட்டில், வாட்டர்ஷுவருக்குத் தகுதி இருக்கிறது என்று உறுதியான பிறகே மீற்றரைக் கேளுங்கள். நீங்களாகக் கேட்டுப் பூட்டிய மீற்றர் ஒத்துவரவில்லை என்றால் பழைய முறைக்குத் திரும்பக் கால அவகாசம் உண்டு. எவ்வளவு காலம் என்பதைப் பூட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். நிறுவனமே தெருத் தெருவாக வந்து கட்டாயமாகப் பூட்டியிருந்தால் திரும்ப முடியாது. லண்டனில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

ஃபிளாட்டில் இருப்பதால் மீற்றர் பூட்ட முடியாது என்று சொன்னால் கதையை அங்கே விடாதீர்கள். ‘அசெஸ்ட் சார்ஜ்’ என்கிற மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கேளுங்கள். தனியாக இருக்கும் ஒருவருக்கு இது பழைய பில்லை விட நன்றாகக் குறையலாம்.

வீட்டுக்காரர் தண்ணீருக்குத் தனியாகக் காசு வாங்கினால், அவர் நிறுவனத்துக்குக் கட்டுவதற்கு மேல் சிறிய நிர்வாகச் செலவு மட்டும்தான் சேர்க்கலாம். 2006இல் ஆஃப்வாட் என்கிற தண்ணீர்த் துறைக் கண்காணிப்பு அமைப்பு போட்ட விதி அது. கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மழைத்தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகாமல் உங்கள் வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்கினால் ‘சர்ஃபேஸ் வாட்டர்’ கழிவும் கேட்கலாம். அதற்கு வருமானம், நோய் எதுவும் பார்ப்பதில்லை.

கடன் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்றால்

கடிதத்தைத் திறங்கள். ஒரு அன்ரியின் வீட்டில் பேக் நிறையத் திறக்காத கடிதங்கள் இருந்தன. அதற்குள்ளேயே குறைந்த தவணையில் கட்டலாம் என்ற கடிதமும் கிடந்தது.

நிறுவனத்துக்குப் போன் எடுத்து, உங்களால் உண்மையிலேயே கட்ட முடிந்த தொகையைச் சொல்லுங்கள். வாடகை, கவுன்சில் டாக்ஸ், சாப்பாடு, பஸ், மருந்துச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதையுங்கள். வெட்கத்தில் கூடுதலான தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த மாதமே முறிந்தால் நிலைமை மோசமாகும். அதோடு, நீங்கள் ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு பவுணுக்கும் நிறுவனமும் ஒரு பவுணைக் கடனில் கழிக்கும் திட்டம் பல இடங்களில் உண்டு. பழைய கடனை அடைக்க உதவும் நிதியம் நடத்தும் நிறுவனங்களும் உண்டு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘பேமென்ட் மேட்சிங்’, ‘அசிஸ்டன்ஸ் ஃபண்ட்’.

யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவர்களுக்கு ‘வாட்டர் டைரக்ட்’ என்று ஒன்று இருக்கிறது. காசு கைக்கு வருவதற்கு முன் கடனுக்கும் நடப்பு பில்லுக்கும் பிடித்துக் கட்டிவிடுவார்கள். மாதா மாதம் தலையிடி இல்லை என்று சிலருக்குப் பிடிக்கும். கையில் வருவது குறையும் என்பதையும் யோசியுங்கள். வேறு கடன்களும் சேர்ந்து நெரித்தால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் காசு வாங்காமல் ஆலோசனை தருகின்றன. கடன் ஆலோசகர் மூலமாக ‘பிரீதிங் ஸ்பேஸ்’ எடுத்தால் 60 நாளுக்குக் கடன்காரர் தொந்தரவு செய்ய முடியாது. தண்ணீர்க் கடனும் அதில் அடங்கும். அந்த நாட்களில் வரும் புதிய பில்லை மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று காசு கேட்டு ஃபோன் எடுப்பவர்களிடம் மாட்டாதீர்கள்.

பில் குறையாவிட்டாலும் பதிந்து வைக்க வேண்டியது

‘பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்’. இதற்கு வருமானமே பார்ப்பதில்லை. வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், நீண்டகால நோயாளிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எல்லாரும் பதியலாம். குழாய் உடைந்து தண்ணீர் நின்றால் போத்தல் தண்ணீரை வாசலுக்கே கொண்டுவந்து தருவார்கள். கண் தெரியாதவர்களுக்குப் பெரிய எழுத்தில் அல்லது பிரெய்லில் பில் வரும். தண்ணீர்க் கம்பனி ஆள் என்று யாராவது கதவைத் தட்டினால் உண்மையானவரா என்று சரிபார்க்க ஒரு ரகசியச் சொல் வைக்கலாம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது ஒன்றே பெரிய பாதுகாப்பு. டயாலிசிஸ், ஸ்டோமா உள்ள வீடுகள் இதைப் பதியாமல் இருக்கவே கூடாது. தண்ணீர் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று அந்த வீடுகளுக்குத்தான் தெரியும்.

போனில் என்ன சொல்வது

“பில் கட்டக் கஷ்டமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் தவணை முறையைத் தந்து வைத்துவிடக்கூடும். திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். “ஐ வாண்ட் டு அப்ளை ஃபார் வாட்டர்ஷுவர்” அல்லது “சோஷல் டாரிஃப்”. ஆங்கிலம் கஷ்டமென்றால் “டமில் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்” என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுக்கும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. பிள்ளைகளோ உறவினரோ உங்களுக்காகக் கதைக்க வேண்டுமென்றால், அவர்கள் பெயரைக் கணக்கில் பதியச் சொல்லி ஒரு தடவை நீங்களே அனுமதி கொடுத்துவிட்டால் போதும். பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள், தயவுசெய்து.

கதைத்தவரின் பெயர், திகதி, என்ன சொன்னார் என்பதைக் குறித்து வையுங்கள். படிவத்தைத் தபாலில் அனுப்பினால் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்துக்கே முறைப்பாடு எழுதுங்கள். அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் நுகர்வோருக்கான தண்ணீர் அமைப்பு இருக்கிறது, சிசிடபிள்யூ என்று சொல்வார்கள். அவர்கள் இலவசமாக உங்கள் பக்கம் நின்று கேட்பார்கள்.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் உறவினருக்கு இதை அனுப்பினால் குழம்பிவிடுவார்கள். அங்கே தண்ணீர்க் காசு கவுன்சில் டாக்ஸோடு சேர்ந்து வரும். டாக்ஸில் வருமானக் கழிவு கிடைப்பவர்களுக்குத் தண்ணீரிலும் 35 வீதம் வரை குறையும். வட அயர்லாந்தில் வீடுகளுக்குத் தண்ணீர் பில்லே இல்லை.

கிடைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வாட்டர்ஷுவரைப் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். சோஷல் டாரிஃப்பும் ஒரு காலத்துக்குத்தான். முடியும் திகதியை அனுமதிக் கடிதத்தில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னதாக நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வேறு நிறுவனத்தின் பகுதிக்கு வீடு மாறினால் இது உங்களோடு வராது. புதிய இடத்தில் புதிதாகக் கேட்க வேண்டும். பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கழிவு தொடங்கும் என்பதால், மருந்துச் சீட்டோ பெனிபிட் கடிதமோ கையில் இல்லை என்று காத்திருக்காமல் இன்றைக்கே போன் எடுத்து விண்ணப்பத்தைத் தொடங்கி வையுங்கள். கடிதங்களைப் பிறகு அனுப்பலாமா என்று அப்போதே கேட்டுவிடலாம்.